எட்ட நின்று பார்த்தல்

(ஊர் நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



முப்பத்து நான்கு ஆண்டுகள் உயிரியல் பாடம் நடத்தினேன். பறவைகளைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிய அளவுக்கு நேரில் பார்த்ததில்லை என்ற குறை எனக்கு உண்டு. எடின்பரோவில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு அது தெரியும். "அக்கா, ரிட்டயர் ஆகி மூணு வருஷமாச்சு. இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கே? ஜூன் மாசம் கிளம்பி வா" என்று டிக்கெட்டை எடுத்து அனுப்பிவிட்டான். கோட்டைகளும் அரண்மனைகளும் பார்க்கலாம் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தான். "அதெல்லாம் படத்தில் பார்த்துக்கிறேன்ப்பா, எனக்குப் பறவை போதும்" என்றேன். அப்படிப் போய்வந்த பன்னிரண்டு நாட்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பார்த்த பறவைகளை எல்லாம் அடுக்கிச் சொல்லும் எண்ணம் இல்லை. பறவை பார்க்கிறவர் எங்கே நிற்க வேண்டும் என்ற ஒரே கேள்விதான் அந்தப் பன்னிரண்டு நாளும் என் கூடவே வந்தது. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

எடின்பரோவுக்கு வடகிழக்கே, ஃபோர்த் கழிமுகம் கடலோடு சேரும் வாயில் மே தீவு இருக்கிறது. ஆன்ஸ்ட்ரதர் என்ற மீன்பிடி ஊரிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பாறை, புல், கலங்கரை விளக்கம், அவ்வளவுதான். ஆனால் பாதிக் கடலிலேயே பஃபின்கள் தெரியத் தொடங்கிவிட்டன. புறாவைவிடச் சற்றுச் சிறிய பறவை. கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, செம்மஞ்சள் கால், யாரோ உட்கார்ந்து வண்ணம் தீட்டியது போன்ற முக்கோண அலகு. அந்த அலகின் வண்ணத் தகடுகள் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் உதிர்ந்துவிடும். குளிர்காலத்தை நடுக்கடலில் கழிக்கும் பஃபினைப் பார்த்தால், இதுதானா அது என்று சந்தேகம் வரும்.

பஃபின் மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. 2017-இல் எடுத்த கணக்கின்படி அந்தச் சிறு தீவில் ஏறத்தாழ 40,000 இணைகள். அப்படியென்றால் புல்வெளிக்கு அடியில் எங்கு பார்த்தாலும் வளைதான். தரை என்று நாம் நினைப்பது அதன் வீட்டுக் கூரை. படகிலிருந்து இறங்கியதும் தீவின் காப்பாளர் சொன்ன முதல் சொல் இதுதான்: பாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள், கால் பட்டால் வளை இடிந்து குஞ்சு உள்ளேயே புதைந்துவிடும். எங்கள் படகில் குழந்தைகளும் வந்திருந்தார்கள். ஒரு குழந்தைகூடக் கயிற்றைத் தாண்டவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டால் போதும், குழந்தைகள் பெரியவர்களைவிட நன்றாகக் கேட்பார்கள் என்பது வகுப்பறையில் நான் கண்டது. அங்கேயும் அதையே கண்டேன்.

படகுத்துறைக்குப் பக்கத்திலேயே ஆர்க்டிக் ஆலாக்களின் கூடுகள். ஆலா நமக்குத் தெரிந்த பறவைதான். நம் கடற்கரையிலும் ஏரியிலும் அதன் உறவினங்கள் பறக்கின்றன. இந்த ஆர்க்டிக் ஆலா ஆண்டுதோறும் தென் துருவத்துப் பனி ஓரம் வரை போய்த் திரும்புகிறது. அவ்வளவு தூரம் பறந்து வந்து முட்டையிட்டிருக்கும் பறவை, பக்கத்தில் வரும் மனிதரைச் சும்மா விடுமா? தலையில் கொத்திவிடும். இருப்பதில் உயரமான இடத்தைத்தான் கொத்தும் என்பதால் தலைக்கு மேல் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். தன் எல்லையைத் தானே சொல்லத் தெரிந்த பறவை அது. பஃபினுக்கு அது தெரியாது. அதற்காக மனிதர்தான் கயிறு கட்ட வேண்டியிருக்கிறது.

இந்தத் தீவோடு சேர்ந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. எவலின் பாக்ஸ்டர், லியனோரா ரிண்டூல். ஃபைஃப் வட்டாரத்துத் தோழிகள். 1907 முதல் இருவரும் மே தீவுக்கு வந்து தங்கி, வலசை போகும் பறவைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தார்கள். இன்றைய பைனாகுலரோ, மழையைத் தாங்கும் உடையோ அப்போது ஏது? கடல் காற்றில், மூடுபனியில், விளக்கின் ஒளியில் மயங்கி வந்து இறங்கும் சிறு பறவைகளை எண்ணினார்கள். பறவைகள் எந்தக் காற்றில் வருகின்றன, எந்தக் காற்றில் வருவதில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்து, வலசைப் பறவைகளைக் காற்று திசைமாற்றித் தள்ளுகிறது என்பதை எடுத்துக் காட்டினார்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த குறிப்புகளை 1953-இல் ஸ்காட்லாந்துப் பறவைகளைப் பற்றி இரண்டு தொகுதி நூலாகக் கொண்டுவந்தார்கள். ஒரு பல்கலைக்கழகப் பதவியும் இல்லாமல் இருவர் செய்த வேலை இது. விடுமுறையில் போய்ப் பறவை பார்ப்பது பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த இருவரைத்தான் காட்டுவேன்.

மே தீவிலிருந்து தெற்கே பார்த்தால் பாஸ் பாறை தெரியும். தூரத்திலிருந்து பார்க்கும்போது பனி மூடியது போல் வெளுத்திருக்கிறது. அத்தனையும் கேனட் பறவைகளும் அவற்றின் எச்சமும். 2014-இல் எண்ணியபோது 75,000 இணைகளுக்கு மேல் இருந்தன. அப்போது உலகிலேயே பெரிய வடகடல் கேனட் குடியிருப்பு அதுதான். அந்தப் பறவையின் அறிவியல் பெயரான 'பாசானஸ்' என்பதே இந்தப் பாறையின் பெயரிலிருந்து வந்தது. 2022-இல் பறவைக் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கில் மடிந்தன. பிழைத்த பறவைகள் சிலவற்றுக்கு வெளிர்நீலக் கண் கறுத்துப்போயிருந்தது. நோயிலிருந்து மீண்டதன் தழும்பு அது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்தப் பாறையையும் படகிலிருந்து, இறங்காமல், பார்த்துவிட்டுத்தான் வந்தோம்.

இனி என் பேச்சின் நடு இடத்துக்கு வருகிறேன். மே தீவிலிருந்து வடக்கே, கெய்ர்ன்கார்ம் மலைகளுக்கு அடியில், ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு. பழைய பைன் காடு. தரை முழுக்கப் பாசியும் குறுஞ்செடியும். மழை பெய்து ஓய்ந்தால் மிட்ஜ் என்னும் பொடி ஈக்கள் மொய்க்கும். வலைத் தொப்பி போடாமல் நிற்க முடியாது. அந்தக் காட்டுக்குள் கார்டன் ஏரி இருக்கிறது. நான் பார்க்கப் போனது ஆஸ்ப்ரே. தமிழில் விராலடிப்பான். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்! மீனைத் தவிர வேறு எதையும் அநேகமாக அது தின்பதில்லை. அங்கே விரால் கிடையாது, டிரவுட் மீன்தான். ஆனால் அடிக்கிற அடி ஒன்றுதான்.

அவிமோர் ஊருக்கு அருகே ஒரு மீன் குளம். கரையில் பலகையால் அடித்த மறைவிடம். விடியற்காலை நான்கு மணிக்கே உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டும். பறவை வந்தபின் யாரும் நுழையவும் கூடாது, வெளியேறவும் கூடாது. மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கும் அமைதி. ஐந்து மணி சுமாருக்கு வந்தது. மேலே ஒரு வட்டம் அடித்தது. அந்தரத்தில் ஒரு கணம் சிறகடித்து நின்றது. அப்புறம் கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் விழுந்தது. முழுக முழுக உள்ளே போய், கனத்த மீனோடு மேலே எழும்பப் பட்டபாடு! எழும்பியதும் நாய் உதறுவது போல உடம்பை உதறியது. மீனின் தலை முன்னால் இருக்கும்படி காலுக்குள் திருப்பிக்கொண்டது. காற்றின் எதிர்ப்பு குறைய வேண்டுமல்லவா? அதன் வெளிவிரல் பின்பக்கமாகவும் திரும்பும். பாதத்தின் அடியில் முள் போன்ற சொரசொரப்பு. வழுக்கும் மீன் நழுவாது. இதையெல்லாம் எத்தனை ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறேன்! பக்கத்தில் தம்பி என் கையைப் பிடித்து அழுத்தினான். இருவருக்கும் பேச்சு வரவில்லை.

இந்தப் பறவை ஸ்காட்லாந்தில் ஒரு காலத்தில் இல்லாமலே போய்விட்டது. 1916-க்குப் பிறகு கூடு கட்டியதாகக் கணக்கு இல்லை. என்ன காரணம்? மீனுக்குப் போட்டி என்று சுட்டவர்கள் ஒரு பக்கம். பஞ்சடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சுட்டவர்கள் இன்னொரு பக்கம். மூன்றாவது வகை, முட்டை சேகரிப்பவர்கள். அபூர்வமாக ஆக ஆக முட்டையின் விலை ஏறும். விலை ஏற ஏற இருக்கிற கடைசிக் கூட்டையும் தேடிப் போவார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லூயிஸ் டன்பார் என்பவர் எய்லின் ஏரியின் நடுவிலுள்ள பாழடைந்த கோட்டைக்குப் பனி கொட்டும் இரவில் நீந்திப் போய் விராலடிப்பான் முட்டைகளை எடுத்து வந்தார். சார்ல்ஸ் செயின்ட் ஜான் என்ற வேட்டைக்காரர் அந்தப் பறவையின் அழகைப் புத்தகத்தில் எழுதினார், சுட்டதற்காக வருந்தினார், ஆனாலும் சுட்டார். பறவைமேல் ஆசை இல்லாதவர்கள் அல்ல இவர்கள். கையில் எடுத்தே தீர வேண்டும் என்ற ஆசைதான் அழித்தது.

1954-இல் ஓர் இணை மீண்டும் ஸ்பே பள்ளத்தாக்கில் கூடு கட்டியது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வலசை வந்த பறவைகளாக இருக்கலாம் என்பது பொதுவான கருத்து. பறவைகளையும் முட்டைகளையும் காக்கும் புதிய சட்டம் பிரிட்டனில் வந்ததும் அதே ஆண்டுதான். ஆனால் சட்டம் காட்டுக்குள் காவல் நிற்குமா? பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி. இரகசியமாகக் காவல் போட்டுப் பார்த்தது. ஆண்டுக்கு ஆண்டு முயற்சி தோற்றது. 1958 ஜூனில் ஓர் இருட்டு இரவில், காவலையும் மீறி ஒருவன் மரமேறி முட்டைகளை எடுத்துவிட்டான். கூட்டில் அவற்றுக்குப் பதிலாக இரண்டு கோழி முட்டைகள் இருந்தன, காலணி மெருகு தடவிப் பழுப்பாக்கி. விராலடிப்பானின் முட்டைகள் மரத்தடியில் உடைந்து கிடந்தன.

அந்தக் காவலுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன். இரண்டாம் உலகப்போரில் கிரீட் தீவில் பிடிபட்டுப் போர்க்கைதியாக இருந்தவர். முள்வேலிக்குள் இருந்தபடியே, ஃபேர் தீவில் பறவை ஆய்வு நிலையம் அமைக்கத் திட்டம் எழுதியவர், விடுதலையானதும் அதை நடத்தியும் காட்டியவர். அவர் 1959-இல் எடுத்த முடிவைத்தான் நான் இங்கே அடிக்கோடிட விரும்புகிறேன். இவ்வளவு நாள் ஒளித்து வைத்த கூட்டை ஊருக்கே திறந்துவிட்டார். மரத்தடியில் முள்கம்பி சுற்றினார். இரவு பகலாகக் காவல் போட்டார். போதிய தூரத்தில் ஒரு மறைவிடம் கட்டி, தொலைநோக்கிகளை வைத்து, வாருங்கள், வந்து பாருங்கள் என்று அழைத்தார். பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்த ஒரு கோடையில் சுமார் 14,000 பேர் வந்தார்கள். மூன்று குஞ்சுகள் பறந்தன.

அவ்வளவு கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது திருடன் எங்கே வருவான்? இரகசியம் இருந்தவரை கூடு திருடனுக்கும் காவல்காரனுக்கும் மட்டும் தெரிந்த பொருளாக இருந்தது. திறந்துவிட்ட பிறகு அது பேருந்தில் வந்த பள்ளிப் பிள்ளைகளின் கூடு ஆகிவிட்டது. இன்று ஸ்காட்லாந்தில் 200-க்கும் மேற்பட்ட இணைகள் இருக்கின்றன. கார்டன் ஏரிக்கரையில் நின்றுகொண்டு இதைத் தம்பிக்குச் சொன்னேன். "பார்க்க வந்தவங்களே காவல்காரங்க ஆயிட்டாங்களா அக்கா?" என்றான். அதுதான் நடந்தது.

ஆனால் இதே காட்டில் இதற்கு நேர் எதிரான பாடமும் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் பாதி உண்மையைச் சொன்னவள் ஆவேன். கேப்பர்கேய்லி என்று ஒரு பெரிய காட்டுக்கோழி இனம். வான்கோழி அளவு சேவல். விடியற்காலையில் சேவல்கள் ஓரிடத்தில் கூடி, வாலை விசிறியாக விரித்து ஆடிப் பெட்டைகளைக் கவரும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடியோடு அழிந்து, 1837-இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவைகளின் சந்ததி இப்போதிருப்பது. 1970-களில் 20,000 என்று மதிப்பிட்ட பறவை, 2021-22 குளிர்காலக் கணக்கில் 532. மானைத் தடுக்கக் கட்டிய வேலிகளில் மோதிச் சாகிறது. குஞ்சு பொரிக்கும் ஜூனில் மழை மிகுந்தால் குஞ்சுகள் பிழைப்பதில்லை. இவற்றோடு, பார்க்கப் போகும் நம்மைப் போன்றவர்களும் ஒரு காரணம். ஆடுகளத்தில் ஆள் நடமாட்டம் கண்டால் பறவை கலைந்துபோகும், அந்த ஆண்டின் சேர்க்கை கெடும். அதனால் அதைத் தேடிப் போகாதீர்கள் என்று பறவை அமைப்புகளே கேட்டுக்கொள்கின்றன. நாங்கள் போகவில்லை. பன்னிரண்டு நாளில் கேப்பர்கேய்லியின் ஓர் இறகைக்கூட நான் பார்க்கவில்லை. அந்தக் காட்டில் நான் அதற்குச் செய்ய முடிந்த மரியாதை அது ஒன்றுதான்.

அங்கிருந்து மேற்குக் கரை. ஓபனிலிருந்து கப்பலில் மல் தீவு. ஒற்றை வண்டிச் சாலை, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே இடம். இந்தத் தீவில்தான் வெண்வால் கடற்கழுகு மீண்டும் குடியேறிக் குஞ்சு பொரித்தது. பிரிட்டனின் கடைசி வெண்வால் கழுகை 1918-இல் ஷெட்லாந்தில் சுட்டார்கள். 1975 முதல் பத்தாண்டு நார்வேயிலிருந்து 82 குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் வளர்த்து விட்டார்கள். 1985-இல் மல் தீவில் முதல் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது. கதவுப் பலகை பறப்பது போல் இருந்தது எங்களுக்குத் தெரிந்த கழுகு. ஆட்டுக்குட்டிகளைத் தூக்குகிறது என்று அங்குள்ள ஆட்டுக்காரர்கள் சிலருக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தைத் தள்ளிவிடக் கூடாது. கழுகு திரும்பியதன் சுமை அவர்கள் தலையில் விழும்போது அதை ஊரும் அரசும் பங்கு போட்டுக்கொள்வதுதான் நியாயம்.

மல் தீவின் கோடியிலிருந்து பத்து நிமிடப் படகில் அயோனா. 563-இல் அயர்லாந்திலிருந்து வந்த கொலம்பா துறவி மடம் அமைத்த தீவு. கூட்டம் கூட்டமாக யாத்திரிகர்கள் வருவார்கள், மாலைப் படகில் திரும்பிவிடுவார்கள். நாங்கள் இரவு தங்கினோம். ஜூன் மாதத்தில் அங்கே பத்தரை மணிக்குத்தான் சூரியன் இறங்குகிறது. நடுநிசியிலும் வடக்கு வானம் வெளுத்தே கிடக்கும். ஊர்ச் சாலையில், ஒரு புல்வயலின் கல்சுவர் ஓரமாகப் போய் நின்றோம். பதினொன்றரை மணிக்கு ஆரம்பித்தது. சீப்பின் பல்லில் நகத்தை வைத்து இரண்டு தடவை இழுத்தது போல: கிரெக்ஸ், கிரெக்ஸ். அந்தச் சத்தத்தையே அறிவியல் பெயராக வைத்திருக்கிறார்கள். கார்ன்கிரேக். நம் குளக்கரைக் கானாங்கோழியின் குடும்பம். ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வந்து புல்லுக்குள் புகுந்துகொள்ளும். சத்தம் காலடியில் கேட்கும், பறவை கண்ணில் படாது. நாங்கள் பார்க்கவேயில்லை. ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கொண்டு நின்றோம், அவ்வளவுதான்.

இதுவும் ஒரு காலத்தில் பிரிட்டன் எங்கும் கத்திய பறவை. அரிவாளால் புல் அறுத்த காலத்தில் பிழைத்தது. இயந்திரம் வந்தது, அறுப்பும் முந்தியது. வயலின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்நோக்கி அறுத்தால், குஞ்சுகள் நடுவில் மிச்சமிருக்கும் புல்லுக்குள் ஒதுங்கும். கடைசிச் சுற்றில் அத்தனையும் கத்திக்குள். வெட்டவெளியில் ஓடிவர அவை துணிவதில்லை. 1993-இல் கத்தும் ஆண்களை எண்ணியபோது பிரிட்டன் முழுவதும் 500-க்கும் குறைவு. பிறகு விவசாயிகளிடம் பேசினார்கள். அறுப்பைக் கோடையின் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள், நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி அறுங்கள், ஓரத்தில் கொஞ்சம் புல்லை விட்டுவையுங்கள். அதற்கு ஈட்டுத்தொகையும் கொடுத்தார்கள். 2014-இல் எண்ணிக்கை 1,200-ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு மறுபடி குறைந்திருக்கிறது, வேலை முடியவில்லை. ஆனால் டிராக்டர் ஓட்டுகிறவர் வண்டியைத் திருப்பும் திசை ஒன்று ஓர் உயிரினத்தின் விதியைத் தீர்மானிக்கிறது என்பதை நான் அந்தக் கல்சுவரில் சாய்ந்துகொண்டுதான் முழுதாக உணர்ந்தேன். மறுநாள் காலை அந்த வயலுக்குச் சொந்தக்காரரைச் சாலையில் பார்த்தோம். இரவெல்லாம் தூங்க விடவில்லையா என்று கேட்டார். நாங்கள்தான் தூங்கவில்லை என்றோம். இது கத்தாத வருஷம் வந்தால் எனக்குத் தூக்கம் வராது என்றார்.

ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் கழித்து, நம் ஏரியில் அந்தப் பறவையை மீண்டும் பார்த்தேன். விராலடிப்பான். ஸ்காட்லாந்தில் நான் பார்த்தது அல்ல. அங்குள்ளவை குளிருக்கு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, செனகல், காம்பியா பக்கம் போகும். நம்மிடம் வருபவை வட ஆசியாவிலிருந்து வரும் அவற்றின் சொந்தங்கள். மதகுக்கு அப்பால், தண்ணீருக்குள் நின்ற பட்டுப்போன கருவேல மரத்தில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தது. கரையில் இரண்டு பையன்கள் அதைப் பார்த்துக் கல்லெடுத்தார்கள். கூப்பிட்டு, பைனாகுலரைக் கையில் கொடுத்தேன். மூத்தவன் அதன் மஞ்சள் கண்ணைப் பார்த்தவுடன் கல்லைக் கீழே போட்டுவிட்டான். கல்லைப் போடு என்று நான் சொல்லவில்லை.

நம் ஊருக்கு வலசைப் பறவைகள் ஐப்பசியில் வரத் தொடங்கும், பங்குனி வரை இருக்கும். இந்த நூலகத்தில் ஒரு பைனாகுலர் வாங்கி வைக்க வேண்டும் என்று வாசகர் வட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன். புத்தகம் இரவல் கொடுப்பது போல அதையும் இரவல் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஏரிக்கரையில் மதகடியில் இருப்பேன். பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். கரையை விட்டு இறங்காமல் எங்கே நிற்க வேண்டும் என்று நான் காட்டுகிறேன்.